மன்னித்தலும் ஏற்றுக்கொள்ளலும்

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவி)

புனித இராயப்பர் ஒருநாள் இயேசுவிடம் ஒரு கணக்குக் கேட்டார். தமக்குத் தீங்கு செய்யும் சகோதரனை எத்தனை முறை மன்னிக்க வேண்டும், ஏழு முறை போதுமா என்பதே அவருடைய கேள்வி. ஏழு என்பதே பெருந்தன்மையான எண் என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். ஆண்டவரோ ஏழை எழுபதால் பெருக்கி விடை தந்தார். அத்தோடு நில்லாமல் உடனே ஓர் உவமையும் கூறினார். மத்தேயு நற்செய்தி 18-ஆம் அதிகாரத்தில் இதனைக் காண்கிறோம்.

அரசனிடம் 10,000 தாலந்து கடன்பட்ட ஊழியன் ஒருவன் காலில் விழுந்து கெஞ்சினான். அரசன் மனமிரங்கிக் கடன் முழுவதையும் தள்ளுபடி செய்தான். வெளியே வந்த அதே ஊழியன், தனக்கு 100 தெனாரியம் தரவேண்டிய உடன் ஊழியனின் கழுத்தைப் பிடித்தான். மறைக்கல்வி வகுப்பில் நாம் பலமுறை கேட்ட கதைதான். ஆனால் இதனைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? ஒரு தெனாரியம் என்பது அக்காலத்தில் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரியம். அப்படியானால் முதல் ஊழியனின் கடன் 6 கோடி நாள் கூலி! ஆண்டுக்கு 300 நாள் உழைத்தாலும் அதைத் தீர்க்க 2 இலட்சம் ஆண்டுகள் ஆகும். மற்றவன் பட்ட கடனோ 100 நாள் உழைப்பில் தீர்ந்துவிடும். அதுவும் சிறு தொகையன்று. ஏழைக்கு மூன்று மாதத்துக்கும் மேலான சோறு அது. நமக்குப் பிறர் செய்யும் தீங்கு ஒன்றுமே இல்லை என்று ஆண்டவர் சொல்லவில்லை என்பது இதனால் விளங்குகிறது.

தமிழில் ‘பொறுத்தல்’ என்ற சொல்லுக்குச் சுமத்தல் என்றும் மன்னித்தல் என்றும் இரு பொருள் உண்டு. திருவள்ளுவரும் பொறையுடைமை என்னும் அதிகாரத்தைத் தொடங்கும்போது, தன்னைத் தோண்டுகிறவர்களையே தாங்கி நிற்கும் நிலத்தைத்தான் உவமை காட்டுகிறார். மன்னிப்பவர் ஒரு பாரத்தைச் சுமக்கிறார் என்பதை நம் மொழியே அறிந்து வைத்திருக்கிறது அன்றோ?

சிறுவயதில் நாம் ‘காய்’ விட்டுக்கொள்வோம்; மறுநாளே ‘பழம்’ சொல்லிச் சேர்ந்துகொள்வோம். வளர்ந்தபின் அவ்வளவு எளிதில் முடிவதில்லை. நம்மைப் பற்றி ஒருத்தி பொய் சொன்னாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் வந்து வருத்தம் தெரிவிக்கிறாள். நாமும் மன்னித்தோம் என்கிறோம். ஆனால் மதிய உணவு வேளையில் நம் வட்டத்தில் அவளுக்கு இடமில்லை. “மன்னித்துவிட்டேன், இனி அவளோடு எனக்குப் பேச்சில்லை” என்று பெரியவர்களும் சொல்லக் கேட்கிறோம். இது வெறும் வேஷம் என்று சிலர் கூறுவர். நான் அவ்வாறு நினைக்கவில்லை. மன்னிப்பது ஒன்று, ஏற்றுக்கொள்வது வேறொன்று. இரண்டாவதற்குக் காலம் வேண்டும். எவ்வளவு காலம் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உள்ளது.

அருட்சகோதரி ராணி மரியா 1954-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் நாள் கேரளத்தில் புல்லுவழி என்னும் ஊரில் பிறந்தார். பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபையில் சேர்ந்து வட இந்தியாவில் பணிபுரிந்தார். 1992 முதல் மத்தியப் பிரதேசத்தில் உதயநகர் என்னும் இடத்தில் பழங்குடி உழவர்களிடையே உழைத்தார். அம்மக்கள் வட்டிக்குப் பணம் தருவோரிடம் சிக்கிக் கிடந்தனர். வங்கிக் கடன் பெறவும், அரசின் திட்டங்களைப் பயன்படுத்தவும் சகோதரி அவர்களுக்கு வழிகாட்டினார். ஏழைகள் விழித்துக்கொண்டால் வருமானம் போகும் என்று அஞ்சியவர்களுக்கு இது பொறுக்கவில்லை. 1995 பிப்ரவரி 25-ஆம் நாள் அவர் இந்தூர் செல்லப் பேருந்தில் ஏறினார். பயணிகள் பார்த்துக்கொண்டிருக்கவே, சமுந்தர் சிங் என்ற இளைஞன் அவரைக் கத்தியால் குத்தினான். உடலில் 50-க்கும் மேற்பட்ட காயங்கள். இயேசுவின் பெயரைச் சொல்லியவாறே அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 41.

கொலையாளிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. சிறையில் அவன் மனம் திருந்தி அழுதுகொண்டிருந்தான் என்று நினைத்துவிட வேண்டாம். தன்னைத் தூண்டிவிட்டுப் பிறகு கைவிட்டவன்மீது அவனுக்குக் கடும் சினம். வெளியே வந்ததும் பழிவாங்குவது என்றே இருந்தான். சுவாமி சதானந்த் என்ற கத்தோலிக்கக் குரு அவனைச் சிறையில் சந்தித்துப் பேசிப் பேசி அந்த எண்ணத்தை மாற்றினார். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். உவமையில் வரும் ஊழியன் செய்யத் தவறியது இதையே அன்றோ? மன்னிப்பைப் பெறுகிறவனுக்கும் மன்னிக்க வேண்டிய ஒருவன் இருக்கிறான்.

2002-ஆம் ஆண்டு, கொல்லப்பட்டவரின் தங்கையும் அதே சபைத் துறவியுமான சகோதரி செல்மி பால் சிறைக்குச் சென்றார். அவன் கையில் ராக்கிக் கயிறு கட்டினார். வட இந்தியாவில் பெண்கள் தம் சகோதரர்களுக்குக் கட்டும் கயிறு அது. கட்டிக்கொண்டவன் உடன்பிறந்தவன் ஆகிறான். “உன்னை மன்னித்தேன்” என்று சொல்லித் திரும்பியிருந்தாலே நாம் அவரைப் போற்றியிருப்போம். அவரோ அக்காளை இழந்த இடத்தில் ஓர் அண்ணனை வைத்துக்கொண்டார். கொலை நடந்த நாளுக்கும் அந்தக் கயிற்றுக்கும் இடையில் ஏழு ஆண்டுகள் என்பதை நாம் மறக்கலாகாது. அந்த ஏழு ஆண்டுகளும் அத்தங்கைக்கு எப்படிக் கழிந்திருக்கும்!

அப்படியானால் நீதி எங்கே என்று ஒரு கேள்வி எழும். மறைந்த திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரை 1981 மே 13-ஆம் நாள் ஒருவன் சுட்டான். நான்கே நாளில் அவனை மன்னித்ததாக அவர் அறிவித்தார். 1983 டிசம்பரில் சிறைக்கே சென்று அவன் அருகில் அமர்ந்து பேசினார். ஆயினும் இத்தாலியச் சிறையிலிருந்து அவன் வெளிவந்தது 2000-ஆம் ஆண்டில்தான். சகோதரி ராணி மரியாவும் வட்டிக்காரர்களை வெறுக்கவில்லை. ஆனால் அவர்கள் செய்தது சரி என்றும் சொல்லவில்லை. ஒருவர் நம்மை வீட்டிலோ வழியிலோ தொடர்ந்து துன்புறுத்தினால், அதைப் பெற்றோரிடமோ சகோதரிகளிடமோ சொல்வது மன்னிப்புக்கு மாறானதன்று. சொல்லாமல் மறைப்பதைப் பொறுமை என்று எவரேனும் நமக்குக் கற்பித்தால், அது நற்செய்தியிலிருந்து வந்த பாடமன்று என்பது என் கருத்து.

சமுந்தர் சிங்கிற்காகச் சகோதரியின் குடும்பத்தாரும் சபையினரும் அரசிடம் கருணை வேண்டினர். 11 ஆண்டுகளுக்குப் பின், 2006-இல் அவன் விடுதலையானான். சகோதரி ராணி மரியா 2017 நவம்பர் 4-ஆம் நாள் இந்தூரில் அருளாளராக உயர்த்தப்பட்டார். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 2007 தொடக்கத்தில், சமுந்தர் சிங் நெடுந்தூரம் பயணம் செய்து புல்லுவழிக்கு வந்தான். அந்த வீட்டார் கதவைத் திறந்து, தங்கள் மகள் பிறந்து வளர்ந்த வீட்டுக்குள் அவனை அழைத்துக்கொண்டார்கள்.