ராஜாவுக்கு மதிப்பெண் கிடையாது

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய ஆட்டத்தைப் பலகையில் அடுக்கி ஆடிப் பார்த்தேன். யானையை வெட்டிய நகர்வுக்குப் பக்கத்தில் இரண்டு ஆச்சரியக்குறி போட்டிருக்கிறாய். அதற்குப் பிறகு கொஞ்ச நேரத்தில் மேட். "காய்க் கணக்கில் நான்தானே முன்னால் இருந்தேன், அண்ணா?" என்று கேட்கிறாய். இருந்தாய், மறுக்கவில்லை.

சிப்பாய்க்கு 1, குதிரைக்கும் பிஷப்புக்கும் 3, யானைக்கு 5, ராணிக்கு 9 என்று முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். ராஜாவுக்கு எண் இல்லை. பட்டியலில் இல்லாததால் பல பேர் அவரைக் கூட்டலில் சேர்ப்பதே இல்லை. இந்த எண்களும், காய் வேலைக்கு வந்தால்தான் செல்லும். ஆட்டம் முழுக்க ஏ1 மூலையில் கிடக்கிற யானைக்கு 5 போடுவது வெறும் பழக்கதோஷம்.

2013இல் வைக் ஆன் ஸீயில் அரோனியனை ஆனந்த் கறுப்புக் காய்களோடு 23 நகர்வில் வென்ற ஆட்டத்தை எடுத்துக்கொள். கணினியை மூடிவிட்டு, கையால் ஆடிப் பார். 13ஆவது நகர்வில் அரோனியனின் குதிரை எச்7 சிப்பாயை வெட்டுகிறது. ஆனந்த் அந்தக் குதிரையைத் தொடவில்லை. தன் குதிரையை ஜி4-க்கு அனுப்பினார். 19ஆவது நகர்வில் அதே குதிரை எஃப்8 யானையையும் வெட்டியது. அந்த நிமிடம் எண்ணிப் பார்த்தால் வெள்ளைக்குச் சரியாக ஒரு யானை அதிகம். நீயும் நானும் யோசிக்காமல் குதிரையை வெட்டியிருப்போம். ஆனந்த் எஃப்5 என்று ஒரு சிப்பாயைத் தள்ளினார். சி2-இல் இருந்த வெள்ளை ராணி எச்7-ஐக் குறிவைத்திருந்த மூலைவிட்டம் அதோடு அடைபட்டது. முதலில் தன் ராஜாவைக் காத்துக்கொண்டார். எஃப்8 குதிரை எங்கே ஓடிவிடப்போகிறது?

கடைசி நகர்வு இன்னும் அழகு. வெள்ளை ராணி டி3-இல் நின்று, மூன்றாம் வரிசை வழியாக எச்3-ஐக் காத்துக்கொண்டிருக்கிறது. ஆனந்த் பிஷப்பை இ3-இல் கொண்டுவந்து நடுவில் நிறுத்துகிறார். ராணிக்கு வழி அடைபடுகிறது. அடுத்து எச்3-இல் மேட். அந்த பிஷப்பை வெள்ளை பிஷப் வெட்டினாலும் அது வந்து நிற்பது அதே கட்டத்தில்தான், வழி திறக்காது. ராணியால் வெட்டினால் ராணி போகும். அரோனியன் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். அப்போதும் காய்க் கணக்கில் அவர்தான் முன்னால். ஆனால் அவருடைய ஏ1 யானையும் சி1 பிஷப்பும் அந்த ஆட்டத்தில் ஒருமுறைகூட நகரவில்லை. அந்த 8 புள்ளி பேப்பரில் மட்டும் இருந்தது. (ஆனந்தின் இந்த ஆட்டத்தில் ஒரு பகுதி வீட்டிலேயே தயாரித்தது. அதனால் பலகை முன் உட்கார்ந்தவுடன் உனக்கும் இதெல்லாம் தோன்ற வேண்டும் என்று நினைத்து மனசை வருத்திக்கொள்ளாதே.)

ஆகவே மொத்தக் காயை எண்ணாதே. எதிராளியின் ராஜாவைச் சுற்றி உன் காய்கள் எத்தனை, அவரைக் காக்க வரக்கூடியவை எத்தனை என்று எண்ணு. பிறகு உன் ராஜாவுக்கும் அதே கணக்கைப் போடு.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே கண்ட ஆட்டத்திலெல்லாம் எச்7-இல் பிஷப்பைக் கொடுக்காதே. உன் வயதில் அந்த ஆசை வரும். எதிராளியின் குதிரை எஃப்6-இல் உட்கார்ந்திருக்கும்போது கொடுத்தால் அது தானம். வாங்கிக்கொண்டு நன்றி சொல்வான். எட்டாத தூரத்து ராஜாவுக்காகக் காயைக் கொடுப்பதும் பேராசைதான். அதேபோல, வெட்டுவது பாவமும் இல்லை. 1972இல் ரெய்க்யவிக்கில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் ஃபிஷர் ஸ்பாஸ்கியின் பி2 சிப்பாயை ராணியால் இரண்டு ஆட்டங்களில் வெட்டினார். 7ஆவது ஆட்டம் டிராவில் முடிந்தது. 11ஆவதில் ராணி உள்ளே மாட்டிக்கொண்டு தோற்றார். அந்தச் சிப்பாயைப் பெரிய ஆட்டக்காரர்கள் இன்றும் வெட்டுகிறார்கள், கடைசிவரை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு.

காய் அதிகம் இருப்பவனுக்கு வேறொரு ஆபத்தும் உண்டு. 1892இல் ஹவானாவில் ஸ்டெய்னிட்ஸுக்கும் சிகோரினுக்கும் உலகப் பட்டத்துக்கான போட்டி. 23ஆவது ஆட்டத்தில் சிகோரினுக்கு ஒரு காய் அதிகம்; ஜெயித்தால் போட்டி சமநிலைக்கு வரும். கறுப்பில் ஆடிய ஸ்டெய்னிட்ஸின் இரண்டு யானைகளும் சிகோரினின் இரண்டாம் வரிசையில் நிற்கின்றன. டி6-இல் இருந்த பிஷப் எச்2-ஐக் காத்துக்கொண்டிருந்தது. அந்த பிஷப்பைத்தான் அவர் பி4-க்கு நகர்த்தினார். உடனே யானை எச்2 சிப்பாயை வெட்டி செக் வைத்தது, அடுத்த நகர்வில் மேட். பட்டம் ஸ்டெய்னிட்ஸிடமே நின்றது. காய் அதிகமானால் எதை வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம் என்ற தெம்பு வந்துவிடுகிறது. எந்தக் காயையும் தொடுவதற்கு முன் அது எதைக் காத்துக்கொண்டிருக்கிறது என்று பார்.

உன் ஆட்டத்துக்கு வருகிறேன். யானையை வெட்டிய பிறகு நான்கு நகர்வு வரைக்கும் உனக்கு ராணிகளை மாற்றிக்கொள்ள வாய்ப்பு இருந்தது. அதற்கு அந்த யானையில் பாதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்திருக்கும், நீ மனசு வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். ராணி இல்லாத பலகையில் எதிராளியின் தாக்குதலில் பெரும்பாலும் உயிர் இருக்காது. உனக்கு மிச்சமிருக்கும் அந்தப் பாதியே எண்ட்கேமில் போதுமாக இருந்திருக்கும். மறுபடி அந்த நான்கு நகர்வையும் வைத்துப் பார்த்து, ஒவ்வொன்றிலும் என்ன ஆடியிருக்கலாம் என்று எழுது. அடுத்த டோர்னமெண்டிலிருந்து ஸ்கோர் ஷீட்டில் நகர்வுக்குப் பக்கத்தில் கடிகார நேரத்தையும் குறித்துக்கொள். நீ வெட்டும் நகர்வுகளுக்கு எத்தனை நொடி செலவிடுகிறாய் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்