உறையுள் வண்டியில் மின்சேமம்: பழுதறியும் முறை

படுக்கை, அடுப்பு, விளக்கு ஆகியவற்றோடு அமைந்த மோட்டார் வண்டியிற் குடும்பத்துடன் தங்கி ஊர்தோறும் செல்லும் வழக்கம் பிரிட்டனில் மிகுதி. அவ்வண்டியைக் காம்பர் வான் என்பர். அதில் எஞ்சினை இயக்கத் தொடங்குதற்கு ஒரு பாட்டரியும், விளக்கு, குளிர்ப்பெட்டி, நீர்ப்பம்பு முதலியவற்றிற்கு வேறொரு பாட்டரியும் உண்டு. பின்னதை லெஷர் பாட்டரி என வழங்குவர். கூரைமேல் உள்ள சூரியத் தகடு பகலில் இதனை நிரப்பும். இடையே நிற்கும் கட்டுப்பாட்டுக் கருவி மின்னேற்றத்தின் அளவைக் காக்கும். இரவில் விளக்கு மங்கினால் உடனே பாட்டரியைப் பழித்துப் புதியது வாங்குவோர் பலர். ஓம் என்னும் அறிஞர் 1827-இல் வெளியிட்ட விதியும் ஒரு சிறு மீட்டருமே அச்செலவைத் தவிர்க்கப் போதும் என்பதை ஈண்டுக் காட்டப் புகுகின்றோம்.

நாம் நேரிற் கண்ட வண்டியொன்று ஸ்காட்லாந்தில் இன்வர்னஸ் நகரை அடுத்து நின்றது. அதற்குரியோர் முதிய கணவனும் மனைவியும் ஆவர். ஓராண்டில் இரண்டு பாட்டரிகள் வாங்கியும், விடியுமுன் அவர்தம் டீசல் கணப்பு அணைந்துவிடும். கணப்பு டீசலால் எரியினும் அதனை மூட்டவும் வெப்பக் காற்றை வீசவும் மின்சாரம் வேண்டும். அந்நாட்டுக் குளிரில் முதியோர்க்கு இஃது உயிர்க்கேதமும் ஆகலாம். மூன்றாம் பாட்டரி வாங்குமாறு ஒரு பழுதுபார்ப்பவர் கூறியிருந்தார்.

முதலில் பாட்டரியின் நிலையை அறிதல் வேண்டும். மின்னேற்றமும் செலவும் இன்றிச் சில மணி நேரம் ஓய்ந்திருந்த பின்னரே அளத்தல் முறை. ஈய அமிலப் பாட்டரி நிறைந்திருப்பின் ஏறத்தாழ 12.7 வோல்ட்டும், பாதியாயின் 12.2 வோல்ட்டும் காட்டும். இவ்வண்டியிற் கண்டது 12.1. தகட்டில் வெயில் படும் பகலிலேயே அளந்துவிட்டு, 13 வோல்ட் உள்ளதென மகிழ்வார் உளர்; அது மின்னேற்றத்தின் அழுத்தமேயன்றிப் பாட்டரியின் இருப்பு அன்று.

அடுத்து, செப்டம்பர் மாதத்துத் தெளிந்த நண்பகலில், 5 ஆம்பியர் ஓடும்பொழுதே இரண்டிடத்தில் அளந்தோம். கட்டுப்பாட்டுக் கருவியின் முனைகளில் 14.4 வோல்ட், பாட்டரியின் முனைகளில் 13.7. எஞ்சிய 0.7 வோல்ட் எங்கே போயிற்று? கருவி ஓட்டுநர் இருக்கைக்கு மேலும், பாட்டரி வண்டியின் பின்புறத்தும் இருந்தன. இடையிலோடிய செப்புக் கம்பி 1.5 சதுர மில்லிமீட்டர் பருமனுடையது. போகவர 12 மீட்டர் நீளம். அதன் தடை ஏறத்தாழ 0.14 ஓம். அதனை 5 ஆம்பியராற் பெருக்கின் அந்த 0.7 வோல்ட் கிடைக்கும். கணக்கும் மீட்டரும் இவ்வளவு செவ்வையாக ஒத்துவருதல் அரிது. துருவேறிய முனையும் தளர்ந்த பியூஸ் கூடும் இத்தகைய இழப்பைச் செய்தல் உண்டு.

இதனால் விளையும் தீங்கு யாது? பாட்டரி நிரம்பும் தறுவாயில் உள்ளதெனக் கருதிக் கருவி தன் மின்னோட்டத்தை முன்னரே குறைக்கத் தொடங்குகின்றது. ஓட்டம் குறையுந்தோறும் கம்பியின் இழப்பும் குறையுமாதலின், நெடிய பகலாயின் பாட்டரி மெல்ல நிறைந்துவிடும். குறும்பகலிலோ மாலை முந்திக்கொள்ளும். நாள்தோறும் அரைகுறையாக நின்ற பாட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் படிகங்கள் பருத்து இறுகி அதன் கொள்ளளவைக் குறைக்கும். முன்னைய இரண்டு பாட்டரிகளுள் ஒன்று இங்ஙனமே கெட்டது. இரண்டாவதை வீட்டு மின்சாரத்தால் இரு நாள் நிறைத்து, 5 ஆம்பியர் சுமையிட்டுப் பார்த்தோம். 100 ஆம்பியர் மணி கொண்டதெனக் குறிக்கப்பெற்ற பாட்டரி 10 மணி நேரமும் தாங்காது 10.5 வோல்ட்டுக்கு இறங்கின், பாதித் திறனும் அதற்கில்லை எனத் துணியலாம். அது 10 மணி நேரத்தையும் கடந்து நின்றது. மூன்றாம் பாட்டரி வாங்கும் செலவு நீங்கியது.

கருவியைப் பாட்டரிக்கு அருகே மாற்றி, 6 சதுர மில்லிமீட்டர்க் கம்பி இட்டோம். இவ்வேலையில் முதலிற் சூரியத் தகட்டின் இணைப்பையும், பின்னரே பாட்டரியின் இணைப்பையும் நீக்குக. மீண்டும் பூட்டுங்கால் பாட்டரியே முதலாவது. மின்னேறும் ஈயப் பாட்டரியினின்று எழும் ஹைட்ரஜன் வெடிக்குந் தன்மையதாதலின் காற்றோட்டமும் வேண்டும். லித்தியம் பாட்டரி உடையார்க்கு 12.7, 12.2 என்னும் மேற்கூறிய அளவுகள் பொருந்தா. அன்றியும், உறைநிலைக்குக் கீழ் அதனை மின்னேற்றுதல் கேடு.

டிசம்பரின் குறை மட்டும் கம்பியால் தீராதது. இன்வர்னஸ் 57.5 பாகை வட அகலக்கோட்டில் உள்ளது. அம்மாத இறுதியில் நண்பகற் சூரியன் அடிவானுக்கு மேல் 9 பாகையே எழும். கூரைமீது தட்டையாகக் கிடக்கும் தகடு பெறும் நேரொளி, மேகமே இல்லாவிடினும், செங்குத்தாகப் பெறுவதில் ஆறில் ஒரு பங்கை எட்டாது. ஆதலின் அம்மாதத்தில் அம்முதியோர் மின்னிணைப்புள்ள தங்குமிடத்தில் வண்டியை நிறுத்துகின்றனர்.