யு ட்யூப்: அப்லோட் செய்திடும் முன் கொஞ்சம் நில்லுங்கள்!

இத்தனை நாள் மொபைல் போனிலிருந்து யு ட்யூப்பில் வீடியோ போட்டு வந்தவர்கள், புதிதாய் கம்ப்யூட்டர் வாங்கியதும் அந்த வேலையை அதற்கு மாற்றிக் கொள்கிறார்கள். நல்ல முடிவுதான். பெரிய திரையில் ஒவ்வொரு செட்டிங்கையும் நிதானமாகப் படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? பைலைத் தேர்ந்தெடுத்துவிட்டு நெக்ஸ்ட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று கிளிக் செய்து முடித்துவிடுகிறோம். புரோகிராம்களை இன்ஸ்டால் செய்து பழகிய கை! இந்த நெக்ஸ்ட்களுக்கு நடுவே வரும் ஒரு கேள்விக்குத் தவறான பதில் கொடுத்தால் போதும், சேனல் நின்ற இடத்திலேயே நிற்கும்.

என் அண்ணி புள்ளிக் கோலம் போடுவதை வீடியோ எடுத்து, வாரம் இரண்டாக எட்டு மாதம் போட்டு வந்தார். "பார்க்கிறாங்க தம்பி, ஆனா ஒருத்தர்கூட ஒரு வார்த்தை எழுத மாட்டேங்கிறாங்க" என்று ஒருநாள் வருத்தப்பட்டார். போய்ப் பார்த்தால், எல்லா வீடியோக்களிலும் கமெண்ட் பகுதியே மூடிக் கிடக்கிறது! அப்லோட் செய்திடும்போது, டீட்டெய்ல்ஸ் பக்கத்தின் கீழே ஆடியன்ஸ் என்ற தலைப்பில், இந்த வீடியோ குழந்தைகளுக்காகத் தயாரிக்கப்பட்டதா என்று ஒரு கேள்வி வரும். அண்ணி ஒவ்வொரு முறையும் ஆம் என்று கொடுத்திருக்கிறார். "கோலம்தானே, சின்னப் பிள்ளைங்க பார்த்தா என்ன தப்பு?" என்பது அவர் வாதம்.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். குழந்தைகள் பார்க்கலாமா என்பது அல்ல கேள்வி. குழந்தைகளைக் குறிவைத்தே தயாரித்ததா என்பதுதான் கேள்வி. இது வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 13 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் விவரங்களைப் பெற்றோர் அனுமதியின்றி இணையத்தில் திரட்டக் கூடாது என்று அமெரிக்காவில் 1998ல் ஒரு சட்டம் வந்தது. அதை மீறியதாக எழுந்த வழக்கில், 2019 செப்டம்பரில் கூகுளும் யு ட்யூப்பும் 17 கோடி டாலர் கட்ட ஒப்புக் கொண்டன. அதன் தொடர்ச்சியாக 2020 ஜனவரியில் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. நாம் எந்த ஊரில் இருந்தாலும் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆம் என்றால் கமெண்ட் கிடையாது. வீடியோ முடிவில் அடுத்த வீடியோவைக் காட்டும் எண்ட் ஸ்கிரீன் கிடையாது. பார்ப்பவரின் விருப்பம் அறிந்து காட்டப்படும் விளம்பரமும் கிடையாது. அதனால் வருமானமும் குறையலாம்.

இல்லை என்று கொடுத்தால் பெரியவர்களுக்கு மட்டும் என்று ஆகிவிடுமோ என்ற பயம் வேண்டாம். 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் எனத் தடுப்பது தனி செட்டிங். அதைத் தொடாமல் விட்டுவிடலாம். ஆனால் நீங்கள் போடுவது பாப்பா பாட்டும் பொம்மைக் கதையும்தான் என்றால், கமெண்ட் வேண்டும் என்பதற்காக இல்லை என்று பொய் சொல்லாதீர்கள். அது விதிமீறல். ஏற்கெனவே தவறாகக் கொடுத்தவர்கள், யு ட்யூப் ஸ்டூடியோவில் கன்டென்ட் பகுதிக்குச் சென்று, வீடியோக்களின் பக்கத்தில் உள்ள கட்டங்களில் டிக் செய்து, எடிட் மூலம் மொத்தமாக மாற்றிவிடலாம். அண்ணிக்கும் அப்படித்தான் மாற்றினோம். ஆனால் அந்த எட்டு மாதத்தில் ஏதோ கேட்க நினைத்து, கேட்க வழியின்றிப் போனவர்களை எப்படித் திருப்பி அழைப்பது?

அடுத்தது வீடியோ பைல். எடிட் செய்த பின் எம்.பி.4 பைலாக, எச்.264 என்ற வகையில் சேமித்திடுங்கள். சாதாரண வேகத்தில் எடுத்த 1080பி வீடியோவுக்கு விநாடிக்கு 8 மெகாபிட், 720பி வீடியோவுக்கு 5 மெகாபிட் என்று யு ட்யூப் பரிந்துரைக்கிறது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆக, 8 மெகாபிட் என்றால் விநாடிக்கு ஒரு மெகாபைட். பத்து நிமிட வீடியோ ஏறக்குறைய 600 மெகாபைட் வரும். உங்கள் இணைப்பின் அப்லோட் வேகம் 2 மெகாபிட் என்றால் அது ஏறி முடிய 40 நிமிடம் ஆகும். விளம்பரங்களில் பெரிதாகப் போடும் வேகம் பெரும்பாலும் டவுண்லோட் வேகம். அப்லோட் எவ்வளவு என்று தனியே கேட்டுக் கொள்ளுங்கள். 720பியில் எடுத்ததை 1080பி என்று பெரிதாக்கி ஏற்றுவதில் பயன் இல்லை. பைல்தான் வீங்கும், படம் தெளிவாகாது.

ஏறி முடிந்ததும் பப்ளிக் என்று கொடுத்துவிடாதீர்கள். யு ட்யூப் முதலில் குறைந்த தெளிவில்தான் வீடியோவைத் தயார் செய்கிறது. உயர்ந்த தெளிவு வர மேலும் நேரம் பிடிக்கும. அதற்குள் வந்து பார்ப்பவருக்குக் கோலத்தில் புள்ளி எது, கோடு எது என்றே தெரியாது. இன்னொரு முக்கியமான விஷயம்: பப்ளிக் ஆன வீடியோவின் பைலை எடுத்துவிட்டு, அதே முகவரியில் வேறு பைலை வைக்க முடியாது. ஒலி கேட்கவில்லை என்று பின்னர் கண்டுபிடித்தால் நீக்கிவிட்டு, புதிய முகவரியில், பார்வை பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியதுதான். எனவே விசிபிலிட்டி பக்கத்தில் முதலில் பிரைவேட் கொடுங்கள். ஹெட்போன் மாட்டிக் கொண்டு முழுவதும் ஒரு முறை பாருங்கள். பின்னர் பப்ளிக் ஆக்குங்கள், அல்லது ஷெட்யூல் மூலம் தேதியும் நேரமும் குறித்து வையுங்கள்.

நடுவில் உள்ள அன்லிஸ்டட் என்பது லிங்க் வைத்திருப்பவர் மட்டும் பார்ப்பது; தேடினால் கிடைக்காது. உறவினர்களுக்கு இப்படி லிங்க் அனுப்பிப் பார்க்கச் சொல்பவர்கள் உண்டு. விளம்பர வருமானத்தில் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்களும், கடைசி 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் அல்லவா? அன்லிஸ்டட், பிரைவேட், நீக்கப்பட்ட வீடியோக்களின் நேரம் அந்தக் கணக்கில் சேராது. மூன்று நிமிடத்துக்கு உட்பட்ட, நெட்டுவாக்கில் எடுத்த வீடியோக்கள் ஷார்ட்ஸ் ஆகிவிடும். ஷார்ட்ஸ் வரிசையில் ஓடும் நேரமும் இதில் சேராது.

பின்னணியில் சினிமாப் பாட்டு போட்டிருக்கிறீர்களா? செக்ஸ் என்ற பக்கத்தில் அது சிக்கினால், வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போகலாம், அல்லது வீடியோவே தடைப்படலாம். ஸ்டூடியோவில் உள்ள ஆடியோ லைப்ரரியில் இலவச இசை இருக்கிறது. எனக்குக் கேட்டால், கோலத்துக்கு இசையே தேவை இல்லை.

தலைப்புக்கு 100 எழுத்து, விளக்கத்துக்கு 5,000 எழுத்து இடம் உண்டு. டேக் எழுதுவதில் பலர் மணிக்கணக்கில் மூழ்குகிறார்கள். வீடியோவைக் கண்டுபிடிப்பதில் டேக்குகளின் பங்கு மிகக் குறைவு என்று யு ட்யூப்பே சொல்கிறது. அந்த நேரத்தை முகப்புப் படம் தயாரிக்கச் செலவிடலாம். 1280க்கு 720 பிக்சல் அளவில் இருக்கட்டும். நாமே தயாரித்த படத்தை வைக்கவும், 15 நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோ ஏற்றவும் போன் நம்பரைச் சரிபார்த்துக் கொள்ள வேண்டும். ஒரு முறை செய்தால் போதும்.

எல்லா வீடியோவுக்கும் பொதுவானவற்றை செட்டிங்ஸில் அப்லோட் டிபால்ட்ஸ் என்ற இடத்தில் எழுதிவிட்டால் ஒவ்வொரு முறையும் தானாக வந்துவிடும். தலைப்பை மட்டும் அங்கே எழுதாதீர்கள். மறந்துபோய் நான்கு வீடியோக்கள் ஒரே பெயரில் நிற்கும்.

கமெண்ட் திறந்த பிறகு அண்ணிக்கு வந்த முதல் கேள்வி, "எத்தனை புள்ளி? நேர்ப்புள்ளியா, சந்துப்புள்ளியா?" என்பதுதான். இப்போது விளக்கத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடுகிறார்: சந்துப்புள்ளி, 15 புள்ளி, 8 வரை.