ஓட்டும் முன் நிறுத்தப் பழகுங்கள்!

சித்த மருத்துவம் சொல்லும் 'வேகங்கள்' 14. தும்மல், கொட்டாவி, பசி, தாகம், சிறுநீர், தூக்கம் என்று போகும் இந்த வரிசையில் எதையும் அடக்கக் கூடாது. அடக்கினால் நோய் வரும். ஆனால், அடக்கத் தெரிந்தே ஆக வேண்டிய வேகம் ஒன்று உண்டு. அதுதான் நம் வீட்டு வாசலில் நிற்கிற மோட்டார் சைக்கிளின் வேகம்!

காந்திகிராமத்துக்குப் பக்கத்தில் ஓடும் திண்டுக்கல் - மதுரை சாலையைக் காலையில் கவனித்துப் பாருங்கள். சின்னாளபட்டி சேலை மூட்டையோடு ஒருவர், பூ மூட்டையோடு ஒருவர், கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் மூன்று பேர் ஒரே வண்டியில்! இவர்களுக்கெல்லாம் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது யார்? பெரும்பாலும் மாமா, அண்ணன் அல்லது கூட்டாளி. கிளட்ச், கியர், ஆக்ஸிலேட்டர் என்று அரை மணி நேரப் பாடம். கடைசியில் ஒரு எச்சரிக்கை: "முன் பிரேக்கை மட்டும் தொட்டுடாதே, தூக்கி அடிச்சிடும்!"

இந்த எச்சரிக்கைதான் பாதி ஆபத்து.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் ஹர்ட் என்ற பேராசிரியரின் குழு 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து, 1981-ல் அறிக்கை வெளியிட்டது. விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் முறையான பயிற்சி இல்லாதவர்கள். தாங்களாகவோ, வீட்டாரிடமோ, நண்பரிடமோ பழகியவர்கள். ஆபத்து வந்த நொடியில் பின் பிரேக்கை அளவுக்கு மீறி அழுத்திச் சறுக்கியவர்கள் இவர்களில் ஏராளம். முன் பிரேக்கை வேண்டிய அளவுக்கு அவர்கள் பிடிக்கவே இல்லை. ஊர் வேறு, கதை ஒன்றுதான்!

ஏன் முன் பிரேக்?

ஓடுகிற பஸ் சட்டென்று நின்றால் நாம் முன்பக்கமாகச் சாய்கிறோம் அல்லவா? அதேபோல, பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன் சக்கரத்துக்குப் போய்விடும். பின் சக்கரம் லேசாகி, பிடிமானம் இழந்து, தேய்த்துக்கொண்டு சறுக்கும். எனவே நிறுத்தும் பலம் முன் சக்கரத்தில்தான் அதிகம். 'வெடுக்'கென்று பிடித்தால்தான் கவிழ்க்கும். ஹேண்டில்பாரை நேராக வைத்து, இரண்டு பிரேக்கையும் ஒன்றாக, படிப்படியாக அழுத்த வேண்டும். மணலிலும், வளைவிலும், முதல் மழை விழுந்த ரோட்டிலும் வேகத்தை முன்கூட்டியே குறைத்துவிடுங்கள். அங்கே பிரேக்கை மென்மையாகத்தான் பிடிக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். 40 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர் ஓடும். ஆபத்தைப் பார்த்துக் கை பிரேக்குக்குப் போகவே ஒரு நொடி ஆகிவிடும். அதையும் சேர்த்தால், நல்ல ரோட்டிலேயே வண்டி நிற்க 20 மீட்டருக்கு மேல் வேண்டும். 60 கி.மீ. என்றால் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு!

வீட்டுப் பாடம்

1. காலை வேளையில் காலி மைதானம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எஞ்சினை அணைத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டே பிரேக் பிடித்துப் பாருங்கள்.

2. தரையில் ஒரு கோடு போடுங்கள். 20 கி.மீ. வேகத்தில் வந்து, கோட்டைத் தொட்டதும் இரண்டு பிரேக்கையும் பிடித்து நிறுத்துங்கள். கை பழகிய பிறகு 30 கி.மீ. பயம் போகும்வரை செய்யுங்கள்.

3. அதன்பிறகுதான் 'எட்டு' போடுவது. எட்டு போட்டால் பேலன்ஸ் தெரியும். நாய் குறுக்கே பாய்ந்தால் கை என்ன செய்யும் என்பது கோட்டில் நின்று பழகியவருக்குத்தான் தெரியும்.

4. பின்னால் ஆளோ மூட்டையோ ஏற்றுவது கடைசிப் பாடம். பெண்கள் முந்தானையையும் துப்பட்டாவையும் இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.

கியர் வண்டிக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். சிறுவரிடம் வண்டியைக் கொடுத்த பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும், 3 ஆண்டு வரை சிறையும் உண்டு என்று 2019-ல் சட்டம் திருத்தப்பட்டது. "பக்கத்துக் கடைக்குத்தானே" என்று சாவியைக் கொடுக்காதீர்கள்.

ஹெல்மெட்டை டேங்க் மீது வைத்துப் போவதில் பயனில்லை. தலையில் போட்டு, வாரையும் மாட்ட வேண்டும். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஹெல்மெட் அணிந்தால் விபத்தில் மரண அபாயம் சுமார் 42 சதவீதமும், தலைக்காய அபாயம் 69 சதவீதமும் குறைவதாகத் தெரிந்தது. பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

முதலில் சொன்ன 14 வேகங்களை இங்கேயும் மறக்காதீர்கள். தூக்கமும் கொட்டாவியும் வந்தால் வண்டியை ஓரம் கட்டி ஓய்வெடுங்கள். சளி, அரிப்புக்கான சில மாத்திரைகள் தூக்கத்தைக் கொண்டுவரும். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வண்டி எடுங்கள்.

விழுந்துவிட்டால்?

விழுந்தவரைத் தூக்கி உட்கார வைத்து சோடா கொடுப்பது நம் ஊர்ப் பழக்கம். வேண்டாம்! கழுத்து அசையாமல் படுக்க வைத்து, 108-க்குப் போன் செய்யுங்கள். ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றாதீர்கள். அடிபட்டவர் நன்றாகப் பேசிவிட்டு, பிறகு வாந்தி எடுத்தாலோ, தலைவலி கூடினாலோ, தூங்கித் தூங்கி விழுந்தாலோ மூளைக்குள் ரத்தக் கசிவு இருக்கலாம்.

சித்த மருத்துவனாகவே சொல்கிறேன்: அந்த நேரத்தில் எண்ணெய்க்கட்டு, பச்சிலை, வர்மம் என்று எங்களைத் தேடி வராதீர்கள். முதலில் பெரிய ஆஸ்பத்திரி, ஸ்கேன். எங்கள் தைலத்துக்கு வேலை, உயிர் பிழைத்த பிறகுதான். தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் விபத்து நடந்து முதல் 48 மணி நேரத்துக்கு இலவசச் சிகிச்சை உண்டு. பணத்துக்காகத் தயங்கி நிற்க வேண்டாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே பிள்ளையை மைதானத்துக்கு அழைத்துப் போய் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டில் வண்டியை நிறுத்தத் தெரிந்த பிறகு சாவியைக் கையில் கொடுங்கள்.