பெர்த்தில் உறவினர் வீடு: பயணத்தின் தொடக்கத்திலா, முடிவிலா?

பெர்த் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில், இந்தியப் பெருங்கடலைப் பார்த்தபடி இருக்கும் நகரம். மேற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் தலைநகரான இங்கே 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்கிறார்கள். ஆனாலும் அவசரம் என்ற சொல் இந்த ஊருக்கு அவ்வளவாகப் பொருந்தாது. பெரிய கடைகள் ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணிக்கே மூடிவிடும். அடிலெய்டு, மெல்பர்ன், சிட்னி என்று ஒரு மாதம் சுற்றப் புறப்படும் தமிழ்க் குடும்பத்துக்கு இங்கே ஓர் அண்ணனோ சித்தியோ இருந்தால், பயணத்திட்டம் போடும்போதே மூன்று கேள்விகள் வந்துவிடும். அந்த வீட்டுக்கு முதலில் போவதா, கடைசியில் போவதா? அங்கேயே தங்குவதா, வெளியில் அறை எடுப்பதா? அங்கிருந்து கிழக்கே எப்படிப் போவது?

முதல் கேள்விக்குப் பெரும்பாலும் வரைபடமே விடை சொல்லிவிடுகிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூரில் விமானம் மாறி வருபவர்களுக்கு ஆஸ்திரேலியாவின் பெருநகரங்களில் மிக அருகில் இருப்பது பெர்த்தான். சிங்கப்பூரிலிருந்து ஐந்து மணி நேரத்துக்குச் சற்று அதிகம். சிட்னிக்கு நேராகப் போனால் எட்டு மணி நேரம் ஆகும். கடிகாரக் கணக்கும் பெர்த்துக்கே சாதகம். பெர்த் நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம்தான் முன்னால் இருக்கிறது. சிட்னி நான்கரை மணி நேரம் முன்னால் ஓடும். கோடைக்காலத்தில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவதால் அது ஐந்தரை ஆகிவிடும். மேற்கு ஆஸ்திரேலியாவில் அந்த வழக்கம் இல்லை. 2009இல் நடந்த வாக்கெடுப்பில் மக்கள் அதை மறுத்துவிட்டார்கள். முதலில் பெர்த்தில் சில நாள் தங்கினால் தூக்கம் பாதி வழியில் பழகிக்கொள்ளும். அறுபது வயதைக் கடந்த பெற்றோர் உடன் வரும்போது இது சின்ன விஷயமல்ல.

பெட்டிகளின் எடையும் இதையேதான் சொல்கிறது. ஊரிலிருந்து கிளம்பும் பெட்டியில் பாதி உறவினருடையது: சாம்பார் பொடி, வடகம், பட்டுப்புடவை, குழந்தைக்கு வெள்ளிக் கொலுசு. முதல் நிறுத்தத்திலேயே அவற்றைக் கொடுத்துவிட்டால் மீதிப் பயணத்துக்குப் பெட்டி லேசாகும். கடைசியில் போவதென்றால் அதே வடகத்தைச் சிட்னி, மெல்பர்ன் என்று ஒவ்வொரு விடுதியிலும் மாடி ஏற்றி இறக்க வேண்டும்.

உணவுப் பொருள்களைப் பொறுத்தவரை சோதனையையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் இறங்கும் எவரும் கொண்டுவரும் உணவு, தாவரப் பொருள், விலங்குப் பொருள் எல்லாவற்றையும் வருகைப் படிவத்தில் தெரிவித்தாக வேண்டும். தெரிவித்த பொருளை அதிகாரிகள் பார்த்து ஒன்று அனுமதிப்பார்கள், அல்லது எடுத்துக்கொள்வார்கள். அதற்குத் தண்டனை இல்லை. மறைத்தால் அங்கேயே அபராதம். விசா ரத்தாகவும் வாய்ப்பு உண்டு. பச்சைக் கறிவேப்பிலை, மாவிலை, பழங்கள், முளைக்கக்கூடிய விதைகள், பால்கோவா போன்ற பால் இனிப்புகள் ஆகியவற்றை ஊரிலேயே விட்டுவிடுவது நல்லது. கடையில் வாங்கிய, உறை பிரிக்காத, பெயர் அச்சிட்ட பொட்டலம் என்றால் அதிகாரிக்கும் பயணிக்கும் வேலை சீக்கிரம் முடியும். கிழக்கிலிருந்து பெர்த்துக்கு வருபவர்கள் இன்னொரு தடையையும் சந்திக்க வேண்டியிருக்கும். மேற்கு ஆஸ்திரேலியா தன் விவசாயத்தைக் காக்க, மற்ற மாநிலங்களிலிருந்து வரும் பழம், காய், தேன் ஆகியவற்றுக்கும் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. முதலிலேயே பெர்த்தில் இறங்குபவர்களுக்கு இந்தச் சோதனை மிச்சம்.

பெர்த்தைக் கடைசியில் வைப்பது சரியாக இருக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. உறவினர் வீட்டில் வளைகாப்போ புதுமனை புகுவிழாவோ பயணத்தின் இறுதி வாரத்தில் வந்தால் வேறு பேச்சே இல்லை. ஜனவரி, பிப்ரவரியில் பெர்த்தில் வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் வரும்; பிப்ரவரி இறுதியில் புறப்படுபவர்கள் கிழக்கை முதலில் முடித்துக்கொண்டு மார்ச் இறுதியில் இங்கே வரலாம். ஆனால் பயணத் தேதியை விருப்பப்படி வைத்துக்கொள்ள முடிந்தால் செப்டம்பரும் அக்டோபரும்தான் முதல் தேர்வு. வெயில் மிதமாக இருக்கும். மாநிலம் முழுக்கக் காட்டுப்பூக்கள் பூத்திருக்கும். நகரின் நடுவில் 400 ஹெக்டேரில் விரிந்த கிங்ஸ் பார்க்கிலேயே அவற்றைப் பார்த்துவிடலாம்.

முதலில் பெர்த் என்று முடிவானால், பெர்த்தில் இறங்கிச் சிட்னியிலோ மெல்பர்னிலோ ஏறும்படி பயணச்சீட்டு வாங்க வேண்டும். போக வர இரண்டும் பெர்த் என்று வாங்கிவிட்டால், நாட்டின் மறுகரையிலிருந்து திரும்ப ஐந்து மணி நேரம் பறந்து வர வேண்டியிருக்கும். அந்தச் செலவும் ஒரு நாளும் வீண்.

இரண்டாவது கேள்வி நுட்பமானது. வீட்டில் தங்கினால் பணம் மிச்சம், சாப்பாடு கவலை இல்லை, பேச நேரம் கிடைக்கும். வரவே வந்ததும் அதற்குத்தான். ஆனால் பெர்த் கடற்கரையோரமாக நூறு கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கும் ஊர். உறவினர் வீடு கடற்கரையில் இருக்கும் என்று நினைத்து வருபவர்கள் ஏமாறுவார்கள். இந்தியக் குடும்பங்கள் நிறைய வாழும் கேனிங் வேல் நகரின் தெற்கே, கடலிலிருந்து தள்ளி இருக்கிறது. வார நாட்களில் அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போய்விடுவார்கள், குழந்தைகள் பள்ளிக்கு. பத்து மணிக்குத் தெருவில் ஆளே இருக்காது. கார் இல்லாத விருந்தினர் சாயங்காலம் வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

இதற்கு வழி ரயில். 2022 அக்டோபரிலிருந்து விமான நிலையத்துக்கே ரயில் வருகிறது. நகர மையத்துக்கு இருபது நிமிடம்கூட ஆகாது. 2025 ஜூனில் கேனிங் வேல் பக்கமும் ரயில் பாதை வந்துவிட்டது. நகர மையத்தில் கேட் என்ற பெயரில் ஓடும் பேருந்துகளுக்குக் கட்டணமே இல்லை. உறவினர் வீட்டிலிருந்து ரயில் நிலையம் எவ்வளவு தூரம் என்பதை முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. நடக்கும் தூரம் என்றால் வீடே போதும். இல்லையென்றால் வாடகைக் கார் எடுக்கலாம். ஆங்கிலத்தில் உள்ள இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு சுற்றுலாப் பயணிகள் இங்கே ஓட்டலாம். சாலையிலும் நம் ஊரைப் போலவே இடப்பக்கம்தான். உறவினரின் காரைக் கேட்பது மட்டும் வேண்டாம். காப்பீட்டுச் சிக்கல் ஒன்று வந்தால் உறவே கசந்துபோகும்.

ஐந்தாறு நாள் தங்குபவர்களுக்குப் பொருத்தமான ஏற்பாடு, முதல் நான்கு இரவுகள் வீட்டிலும் கடைசி இரண்டு இரவுகள் பெர்த்தின் துறைமுகப் பகுதியான ஃப்ரீமேண்டிலில் அறையிலுமாகப் பிரித்துக்கொள்வது. “ஏன், எங்க வீடு பத்தாதா?” என்று சித்தி கேட்கத்தான் செய்வார். அதனால் இதை வந்து இறங்கிய பிறகு சொல்லாமல், சீட்டு வாங்கும் முன்பே போனில் சொல்லிவிட வேண்டும். சொல்வதற்கு உண்மையான காரணமும் இருக்கிறது: ராட்னெஸ்ட் தீவுக்கான காலைப் படகு. ஃப்ரீமேண்டிலிலிருந்து சுமார் 19 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் இருக்கும் இந்தத் தீவுக்கு அங்கிருந்து படகில் அரை மணி நேரம். நகர மையத்தின் பேரக் ஸ்ட்ரீட் துறையிலிருந்து ஆற்று வழியாக வருவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். வடக்கே ஹில்லரிஸ் துறையிலிருந்து சுமார் முக்கால் மணி. உறவினர் வடக்குப் புறநகரில் இருந்தால் ஹில்லரிஸே வசதி, தனி அறையும் தேவைப்படாது. தீவில் குவாக்கா என்ற சிறு பிராணி பயமின்றிக் காலருகே வரும். அதைத் தொடுவதும் அதற்குத் தீனி போடுவதும் சட்டப்படி குற்றம்.

ஃப்ரீமேண்டிலுக்காகவே ஒரு நாள் ஒதுக்கலாம். 1897இல் தொடங்கிய சந்தை இன்றும் வார இறுதிகளில் நடக்கிறது. கைதிகளே கட்டிய பழைய சிறைச்சாலை 2010இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கோடையில் பிற்பகலில் கடலிலிருந்து ஒரு காற்று கிளம்பி ஊரையே குளிர வைக்கும். அதற்கு உள்ளூர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஃப்ரீமேண்டில் டாக்டர்’. கடற்கரைக்குக் காலையில் போய்விட்டு, காற்று கிளம்பியதும் தெருக்களில் நடக்கப் போவதே சரி. மேற்கே பார்த்த கரை என்பதால் சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்கலாம். மெரினாவில் சூரிய உதயம் மட்டுமே பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஒன்றே பயணச் செலவுக்கு ஈடு.

ஒரு வாரத்துக்கு மேல் வீட்டில் தங்குவதென்றால் இடையே இரண்டு நாள் விலகி இருப்பது இரு தரப்புக்கும் நல்லது. வடக்கே இரண்டு மணி நேரத்தில் பினக்கிள்ஸ் சுண்ணாம்புத் தூண்கள், தெற்கே மூன்று மணி நேரத்தில் மார்கரெட் ரிவர். இரண்டில் ஒன்றுதான் என்றால் குழந்தைகளோடு போகிறவர்களுக்குத் தெற்கு. அங்கே கடல், குகை, காடு மூன்றும் அடுத்தடுத்து இருக்கின்றன. வயதானவர்களோடு ஒரே நாளில் போய் வர பினக்கிள்ஸ்.

மருத்துவக் காப்பீடு இல்லாமல் வரக் கூடாது. இந்தியாவிலிருந்து வரும் பார்வையாளர்களுக்கு ஆஸ்திரேலிய அரசின் மெடிகேர் பொருந்தாது. ஓர் இரவு மருத்துவமனைச் செலவு முழுப் பயணச் செலவை விழுங்கிவிடும்.

கிழக்கே போக மூன்று வழிகள். விமானத்தில் சிட்னிக்கு நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். விலையும் குறைவு, பெரும்பாலானோருக்கு இதுவே சரி. இந்தியன் பசிபிக் ரயில் பெர்த்திலிருந்து சிட்னி வரை 4,352 கிலோமீட்டரை மூன்று இரவுகளில் கடக்கிறது. நல்லர்போர் சமவெளியில் 478 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூட இல்லை. உலகிலேயே நீளமான நேர்ப்பாதை அது. உணவும் வழியில் இறங்கிப் பார்க்கும் சுற்றுலாக்களும் கட்டணத்தில் அடக்கம் என்றாலும் விமானத்தைவிடப் பல மடங்கு செலவு பிடிக்கும். ஓய்வு பெற்ற தம்பதிக்கு அது பொருத்தம், ஓடியாடும் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு வேண்டாம்.

மூன்றாவது வழி சாலை. அடிலெய்டு வரை சுமார் 2,700 கிலோமீட்டர். மாறி மாறி ஓட்ட இரண்டு பேரும், குறைந்தது நான்கு நாளும் வேண்டும். வழியில் ஓரிடத்தில் 146 கிலோமீட்டருக்குச் சாலை திரும்பவே திரும்பாது. அந்தி சாய்ந்த பிறகு கங்காருக்கள் குறுக்கே பாயும் என்பதால் இருட்டில் ஓட்டக் கூடாது. பெட்ரோல் நிலையங்களுக்கிடையே நெடுந்தூரம் இருப்பதால் கண்ட இடத்திலெல்லாம் நிரப்பிக்கொள்ள வேண்டும். காரை எடுத்த ஊரில் விடாமல் வேறு ஊரில் விட்டால் தனிக் கட்டணம் உண்டு. அதைக் கேட்டுக்கொண்டு முன்பதிவு செய்ய வேண்டும். தென் ஆஸ்திரேலியாவின் செடூனாவில் பழ ஈத் தடுப்புச் சோதனைச் சாவடி இருக்கிறது. சித்தி கட்டிக்கொடுத்த புளியோதரையை யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் பையிலுள்ள பழங்கள் அதற்கு முன்பே தீர்ந்திருக்க வேண்டும்.