எந்த ஆயிலை ஊற்றுவது?

பாலிடெக்னிக்கில் மோட்டார் சாஸ்திரம் போதித்து ஓய்வு பெற்றவன் என்பதற்காக என்னைத் தேடி வரும் பழைய மாணவர்கள், முன்பெல்லாம் கார்புரேட்டரைப் பற்றியோ கிளட்சைப் பற்றியோ சந்தேகம் கேட்பார்கள், இப்போதோ, "ஸார், ஃபுல் சிந்தெடிக் ஊற்றிவிட்டேன், சரிதானே?" என்று காரியத்தை முடித்துவிட்டு வந்து அபிப்பிராயம் கேட்கிறார்கள். காரணம் விசாரித்தால், சிநேகிதன் ஊற்றினான் என்பான் ஒருவன். "ஒசத்தியான ஆயிலாகவே போடுங்க மாப்பிள்ளை" என்று மாமனார் நிர்ப்பந்தித்தார் என்பான் மற்றொருவன். வண்டியோடு வந்த கையேட்டைப் பிரித்துப் பார்த்தேன் என்று சொன்னவன் அபூர்வம்.

மினரல், செமி சிந்தெடிக், ஃபுல் சிந்தெடிக் என மூன்று வகை உண்டென்பது யாவரும் அறிந்ததே. இவற்றுள் சில வண்டிகளுக்குத் தேர்வு என்ற பிரச்சினையே இல்லை. இன்றைய மாருதி வண்டிகள் பலவற்றுக்குச் சொல்லப்பட்டிருக்கும் 0டபிள்யூ-16 போன்ற மெல்லிய ஆயிலைச் சாதாரண மினரல் எண்ணெயில் தயாரிக்க இயலாது. டர்போ பொருத்திய என்ஜினின் உஷ்ணத்தில் மினரல் ஆயில் கருகிப் படியும். 2020க்குப் பின் வந்த பி.எஸ்.6 டீசல் வண்டியின் புகைவடிகட்டிக்கோ, சாம்பல் குறைவாக விடும் ஆயில்தான் வேண்டும். இந்த வண்டிக்காரர்கள் கம்பெனி சொன்னதை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம்.

நான் எச்சரிக்க விரும்புவது, பழைய மாருதி 800, சான்ட்ரோ, அம்பாஸடர் போன்ற சாதுவான வண்டிகளை வைத்துக்கொண்டு, பந்தயக் கார் படம் போட்ட டப்பாவை இரண்டு மூன்று மடங்கு விலை கொடுத்து ஜி.பி. ரோட்டிலிருந்து வாங்கி வருகிறவர்களைத்தான். சிந்தெடிக் ஆயிலின் பிரதான குணங்களில் ஒன்று, பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரிக் குளிரிலும் உறையாமல் ஓடுவது. மார்கழி விடியற்காலையில்கூட ஸ்வெட்டர் அவசியப்படாத சென்னையில், ஏன், புல்லில் உறைபனி படியும் ஊட்டியிலும்கூட, அந்தக் குணத்துக்கு வேலை இல்லை. உஷ்ணத்தைத் தாங்குவதில் அது மேலானது என்பதை மறுக்க மாட்டேன். கத்திரி வெயிலில் ஏ.சி. ஓட, கிண்டி நெரிசலில் ஊர்ந்து செல்லும் வண்டிக்கு அதனால் பிரயோஜனம் உண்டு. ஆனால் வாங்குகிறவர்கள் மனத்தில் இருப்பது இவை இரண்டுமல்ல. ஒரு முறை ஊற்றிவிட்டால் இருபதாயிரம் கிலோமீட்டருக்கு பானட்டைத் திறக்க வேண்டாம் என்ற பேராசை. ஆயில் கெடுவதற்கு அதன் அடிப்படை எண்ணெய் மாத்திரம் காரணமல்ல. காய்கறிக் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இரண்டு கிலோமீட்டர் போய்த் திரும்பும் வண்டியில், என்ஜின் முழுச் சூடு ஏறுவதற்குள் நிறுத்தப்படுவதால், எரியாத பெட்ரோலும் நீராவியும் ஆயிலில் கலந்து, அழுக்கைக் கரைக்கவும் தேய்மானத்தைத் தடுக்கவும் சேர்க்கப்பட்ட மருந்துகளைத் தீர்த்துவிடுகின்றன. இந்தக் கலப்படம் சிந்தெடிக்கா மினரலா என்று பார்த்து நடப்பதில்லை.

டப்பாவுக்குள் இருப்பது என்ன என்பதும் யோசிக்கத்தக்கது. எத்திலீனிலிருந்து ரசாயன முறையில் கட்டி எழுப்பிய எண்ணெய்தான் உள்ளே இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள்; கடையில் கிடைப்பவற்றுள் பெரும்பாலானவை, மணலியில் மினரல் ஆயிலுக்கு அடிப்படை எண்ணெய் எடுக்கிறார்களே, அதே கச்சா எண்ணெயிலிருந்துதான் பிறக்கின்றன. மேலும் கடுமையாக ஹைட்ரஜனைச் செலுத்திப் பிளந்து சுத்திகரிப்பதே வித்தியாசம். இதுவும் சிந்தெடிக்கே என்று சொல்லி விற்கலாமா என்று மொபிலுக்கும் காஸ்ட்ராலுக்கும் அமெரிக்காவில் தகராறு மூண்டு, 1999இல் அங்குள்ள விளம்பரத் தணிக்கை அமைப்பு, விற்கலாம் என்று தீர்ப்பளித்தது. சரக்கு மட்டமானது என்று இதற்கு அர்த்தமல்ல. கொடுக்கும் விலை எதற்கென்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

ரிங் தேய்ந்து ஆயில் குடிக்கும் என்ஜினுக்கு இதை ஊற்றுவதோ சுத்த விரயம். குடிக்கிற ஆயிலின் விலை உயர்ந்ததே கண்ட பலன். நான் நெடுங்காலம் வைத்திருந்த பிரீமியர் பத்மினிக்கு மினரலைத் தவிர வேறெதையும் காட்டியதில்லை, ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தரம் மாற்றத் தவறியதுமில்லை. இதனால் என் பேச்சில் கொஞ்சம் பட்சபாதம் இருக்குமானால் வாசகர்கள் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

யந்திரத்துக்கும் ஒரு ஸ்வபாவம் உண்டு. மெதுவாகச் சுழலவென்று செய்த என்ஜினைப் பந்தய ஆயிலால் பந்தயக் குதிரையாக்க முடியாது. கெட்டி ஆயிலுக்கென்று பேரிங் இடைவெளி விட்டுச் செய்த வண்டியில் மெல்லிய ஆயிலை விட்டால், கிடைப்பது பிரஷர் குறைவும் சத்தமும்தான். வேண்டியது சிரத்தையும் பொறுமையும்: வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சில நிமிஷம் காத்திருந்து, டிப் ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி விட்டு எடுத்துப் பார்க்கும் பொறுமை, ஆயிலோடு ஃபில்டரையும் மாற்றும் சிரத்தை, ஓட்டம் குறைவானாலும் வருஷம் முடிந்ததும் மாற்றிவிடும் ஒழுங்கு. இவ்வளவையும் செய்கிறவன் சாதாரண மினரல் ஆயிலிலேயே தன் பழைய வண்டியை நெடுநாள் ஓட்டுவான்.

ஆகையால், அடுத்த முறை கடைக்குப் போகுமுன் கையேட்டில் போட்டிருக்கும் கிரேடையும் தர எழுத்துக்களையும் ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு போங்கள். கடைக்காரர் வேறு டப்பாவை நீட்டினால், எவ்வளவு புகழ்ந்தாலும், வாங்காமல் திரும்புங்கள்.