வீட்டுத் தரையை மாற்றுமுன் அடியைப் பாருங்கள்

நம் உறுப்பினர்களில் பலருக்கு முன்கட்டு கடை, பின்கட்டு வீடு. சரக்கு வாங்கும்போது மூட்டையில் குத்தூசி போட்டு அடிச்சரக்கைப் பார்க்காமல் நாம் விலை பேசுவதில்லை. வீட்டுக்குத் தரை போடும்போது மட்டும் மேலே தெரியும் பளபளப்புக்கே பணத்தைக் கட்டிவிடுகிறோம். நாமும் அப்படிச் செய்து பட்டிருக்கிறோம் என்பதால் இதை எழுதுகிறோம்.

விருதுநகரில் நம் வீட்டில் தகப்பனார் காலத்துச் சிவப்பு ஆக்சைடு தரை இருந்தது. நடுக்கூடத்தில் குறுக்கே ஒரு விரிசல். எத்தனை முறை சிமெண்டு பூசினாலும் மழைக்காலம் கழிந்ததும் மீண்டும் வாய் பிளக்கும். 2014-ஆம் ஆண்டு, பழைய தரையை உடைக்காமல் அதன்மேலேயே டைல்ஸ் ஒட்டிவிட்டோம். உடைக்கும் கூலி மிச்சம் என்று கணக்குப் போட்டோம். கோணியை மாற்றினால் உள்ளிருக்கும் வண்டு போய்விடுமா? 2018 மே மாதம் ஒரு பிற்பகலில் எண்ணெய் டின் வெடித்தாற்போல் சத்தம் கேட்டது. கூடத்தின் நடுவில் இரண்டு வரிசை ஓடுகள் கூரை போல் எழும்பி நின்றன. சத்தம் கேட்டு எழுந்து வந்த அம்மா அதில் கால் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இன்றும் வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார்கள். மிச்சம் பிடித்த கூலி எந்த மூலைக்கு?

தரையைத் தோண்டியபோதுதான் விவரம் தெரிந்தது. பேஸ்மட்டத்தில் நிரப்பியிருந்தது மனையில் தோண்டிய கரிசல் மண். கரிசல், ஈரம் பட்டால் உப்பும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். கோடையில் மண் சுருங்கி நடுத்தரை இறங்க, இடைவெளியே இல்லாமல் சுவரோடு சுவர் நெருக்கி ஒட்டிய ஓடுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு எழும்பிவிட்டன. வெயிலில் ஓடு விரிவதும் சேர்ந்துகொண்டது.

இரண்டாம் முறை கரிசலை ஒன்றரை அடி ஆழம் அள்ளி எறிந்தோம். சரளையும் மணலும் அரையடி அரையடியாகப் போட்டு, தண்ணீர் விட்டு, திமிசுக்கட்டையால் இடித்தோம். அதன்மேல் ஒரு பங்கு சிமெண்டு, நாலு பங்கு மணல், எட்டு பங்கு ஜல்லி என்ற கணக்கில் நாலு அங்குலக் கான்கிரீட். ஏழு நாள் தண்ணீர் கட்டினோம். கொத்தனார் மூன்றாம் நாளே ஓடு ஒட்ட அவசரப்பட்டார், விடவில்லை.

உங்கள் தரையில் விரிசல் இல்லாவிட்டாலும் ஈரம் ஏறுகிறதா என்று பாருங்கள். மூன்றடி பாலிதீன் தாளைத் தரையில் விரித்து நாலு ஓரமும் டேப் ஒட்டி, இரண்டு நாள் கழித்துத் தூக்கிப் பாருங்கள். தாளின் அடியில் வியர்த்திருந்தால், ஈரத்துக்கு வழி பார்த்த பிறகே டைல்ஸ். அரிசி மூட்டை அடுக்கும் அறைக்கு இது மிக முக்கியம்.

இனி வாங்கும் கணக்கு. இரண்டடிக்கு இரண்டடி என்று விற்கும் ஓடு 60 சென்டிமீட்டர்தான். முழு இரண்டடி என்றால் 61 வரவேண்டும். நாலு ஓடு உள்ள பெட்டியை 16 சதுரடி என்பார்கள், உள்ளபடி பதினைந்தரைதான். சதுரடி விலை பேசினால் எத்தனை சதுரடிக்குப் பில் போடுகிறார்கள் என்று கேளுங்கள். எடையில் நாம் பார்க்காத குறைவா! 12-க்கு 15 அறை 180 சதுரடி. வெட்டுக் கழிவுக்குப் பத்து சதவிகிதம் சேர்த்தால் 198. பதின்மூன்று பெட்டி வேண்டும். எல்லாப் பெட்டியிலும் ஒரே ஷேடு எண், ஒரே பேட்ச் எண் இருக்கவேண்டும்.

விட்ரிஃபைடு ஓடு தண்ணீரை அரை சதவிகிதத்துக்கு மேல் உறிஞ்சாது. அதனால் வெறும் சிமெண்டுப் பால் அதைச் சரியாகப் பிடிப்பதில்லை. டைல்ஸ் பசைதான் நல்லது. பசையைப் பொட்டுப் பொட்டாக வைக்கவிடாதீர்கள், முழுக்கத் தடவச் சொல்லுங்கள். காய்ந்தபின் ஒரு மரக்கட்டையால் ஒவ்வொரு ஓட்டையும் தட்டிப் பார்த்து, பொள்ளென்று கேட்பதைப் பெயர்த்து மறுபடி ஒட்டச் சொன்ன பிறகே பாக்கிக் கூலி. ஓடுகளுக்கிடையே இரண்டு மில்லிமீட்டர், சுவரோரம் ஐந்தாறு மில்லிமீட்டர் சந்து விடவேண்டும். சுவரோரச் சந்து ஸ்கர்ட்டிங்கில் மறைந்துவிடும். அடுக்களையிலும் எண்ணெய் சிந்தும் இடத்திலும் பளபளப்பு ஓடு வேண்டவே வேண்டாம், சொரசொரப்பானதே போடுங்கள்.

ஓடு அறுக்கும் தூசி நெஞ்சுக்குக் கெடுதல், மாவிலும் பருப்பிலும் இறங்கினால் சரக்கும் பாழ். தெருப்பக்கம் வைத்துத் தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள். நாம் வேலையை ஆடியில் வைத்துக்கொண்டோம், வியாபாரம் மந்தமான மாதம். ஆடியிலா என்று வீட்டில் முணுமுணுத்தார்கள். மராமத்துக்கு மாதம் பார்ப்பதில்லை என்று சொல்லிச் சமாளித்தோம்.

மீந்த ஏழு ஓடுகளைப் பரண்மேல் ஏற்றி, அந்த ஷேடு எண்ணைப் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.